அப்பா ‘பாஸ்’ போட்ட கடற்கரை

அந்தத் தபால் அட்டையில் கருவாட்டு வாசனை அடித்தது. கொங்கண் கரையில் ஏதோ ஓர் ஊர் விடுதிக்காரர் மீன் காயப்போட்ட கையோடு எழுதிப் போட்டிருக்க வேண்டும். தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான், அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்தார், அம்மா மட்டும் அதை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊரில் பிறந்தவள் அவள். கல்யாணமாகி புனேயில் கட்கிக்கு வந்து, கடலைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அது. நான் ஆறாம் வகுப்பு. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். வருகிற பொருளை அளந்து பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று முத்திரை குத்துகிற வேலை. அந்த முத்திரையை அவர் ஆலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம், ஆனால் மனிதர் அதை மனசுக்குள் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். மண்டியில் கத்தரிக்காய் ‘ரிஜெக்ட்’, என் தலைப்பின்னல் ‘ரிஜெக்ட்’, தம்பியின் மார்க் ஷீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அப்பா முதன்முறையாக எங்களுக்குச் சோறு வடித்துப் போட்டார், குழைந்த சோறு, அதற்கு யாரும் முத்திரை குத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாவிடம் ஒருநாள், “கோடை லீவுக்கு எங்க போலாம், நீயே சொல்லு,” என்று கேட்டார். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் இப்படி ஒரு கேள்வி எங்கள் வீட்டில் பிறந்ததே இல்லை. லீவு என்றால் குடியாத்தம், அப்பாவின் சொந்த ஊர். அங்கே போய் இருபது பேருக்கு அம்மா தோசை சுடுவாள், திரும்பி வருவோம்.

“கடலுக்குப் போவமே,” என்றாள் அம்மா.

அவளுடைய ஊருக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெற்றவர்கள் போய்விட்டார்கள், வீட்டை மாமாக்கள் விற்றுப் பிரித்துக்கொண்டார்கள், கூப்பிடாத வாசலில் போய் நிற்க அம்மாவுக்கு மனசில்லை. ஆகவே, பஸ்ஸில் ஒரே பகலில் போய்விடக்கூடிய கொங்கண் கடற்கரை என்று முடிவாயிற்று.

அப்பா வேட்டையைத் தொடங்கினார். தொழிற்சாலைத் தோழர் ஷிந்தே காகாவிடம் விடுதி முகவரிகளை வாங்கிவந்து, பத்து இடங்களுக்கு ‘ஜவாபி கார்டு’ போட்டார். நாம் எழுதும் அட்டையோடு, பதில் எழுத இன்னோர் அட்டையும் ஒட்டியே வரும், அதற்குப் பெயர் அது. கடல் எத்தனை அடி தூரம், கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, தையல் போட்ட உடம்புக்கு ஏறி இறங்கப் படிகள் இல்லாத அறை உண்டா, மீன் குழம்பில் காரம் குறைப்பார்களா என்று இந்தியில் கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே கோடு போட்டு ஒன்று: அறை வாசல் நேராகக் கடலைப் பார்த்து இருக்கிறதா?

“என்னத்துக்கு இப்படி அலையுதிய? ஏதோ ஒரு ரூம் போதாதா?” என்பாள் அம்மா.

“நீ சும்மா இரு பொன்னி. எல்லாம் பக்காவா இருக்கணும்.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இதே பேச்சு. ஒரு விடுதியில் ஆறு படி, ரிஜெக்ட்; ஒன்றில் கடலுக்கும் அறைக்கும் நடுவே ரோடு, ரிஜெக்ட்; கருவாட்டு அட்டைக்காரர் மட்டும், திவேஆகர் என்ற ஊரில், பாக்குத் தோப்பை ஒட்டி மண்தரையோடு இரண்டு அறை, வாசலில் நின்றால் கடல் என்று எழுதியிருந்தார். அப்பா அதில் சிவப்புப் பென்சிலால் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டு, எங்கள் இருவரையும் அருகே இழுத்து ரகசியம் சொன்னார். கல்யாணமான புதிதில் அம்மா அவரை விடியற்காலை அவளுடைய ஊர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழும்புவதைக் காட்டினாளாம். “அன்னிக்கு உங்கம்மா முகத்தைப் பார்க்கணுமே! அதை அவளுக்குத் திரும்பக் காட்டப்போறேன். படுத்த படுக்கையிலேர்ந்தே தெரியணும், அதுக்குத்தான் இந்த வாசல்.”

குடியாத்தத்துப் பிள்ளைக்குக் கடல் என்றால் அந்த ஒரு கடல்தான். கடலிருந்தால் அதிலிருந்து சூரியன் வரும், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அதனால்தான் பத்து அட்டையிலும், சூரியன் எந்தப் பக்கம் எழும் என்ற கேள்வி மட்டும் இல்லை.

எனக்குத் தெரிந்துபோனது பள்ளிக்கூடத்தில். மகாராஷ்டிர வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். இடது ஓரம் முழுக்க அரபிக்கடல், நீலம் அடிக்க அடிக்கத் தீரவில்லை, திடீரென்று கை நின்றுவிட்டது. இடது பக்கம் மேற்கு. மேற்கில் சூரியன் விழும், எழாது!

சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் அப்பா திவேஆகரை ‘ரிஜெக்ட்’ செய்துவிட்டு, பழக்கதோஷத்தில் குடியாத்தத்துக்கே டிக்கெட் எடுத்துவிடுவார் என்று பயந்தேன். வகுப்பில் வேறு, கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகிறோம் என்று தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டே இருந்தேன், அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே மாதத்தில், ‘லால் டப்பா’ என்று எல்லோரும் கேலி செய்யும் அரசாங்கச் சிவப்பு பஸ்ஸில், மலைப்பாதையில் தம்பி இரண்டு தடவை வாந்தியெடுக்க, சாயங்காலம் மேகமூட்டத்தில் போய் இறங்கினோம். விடுதி அட்டையில் சொன்னபடியே இருந்தது. அப்பா காலடியால் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எங்களை எழுப்பிவிட்டார். படுக்கையிலிருந்தே பார்க்கலாம் என்ற திட்டமெல்லாம் போய், கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஆகும் என்று மணலில் ஜமக்காளத்தை விரித்து, மே மாதப் புழுக்கத்தில் அம்மாவுக்கு ஸ்வெட்டர் மாட்டி, கடலைப் பார்த்து உட்கார வைத்தார். “இதோ, இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இதோ.” கடல் கறுப்பாக இருந்து சாம்பலாகி வெள்ளையாகிவிட்டது, மீன்காரர்கள் படகைத் தள்ளினார்கள், என் பிடரியில் சூடு உறைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

வாளியோடு வந்த விடுதிக்காரர், என்ன பார்க்கிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். “சூரியனை,” என்றார் அப்பா. விடுதிக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் பாக்குத் தோப்பைக் கைகாட்டினார்.

அப்பா திரும்பிய அந்த நொடியில் அவர் முகம் இருந்த இருப்பை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சூரியன் மரத்துக்கு மேலே வந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. பொத்தென்று ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். “பதினெட்டு வருஷமா இன்ஸ்பெக்‌ஷன் பண்றேன் பொன்னி. கிழக்கு மேற்கு பார்க்கத் தெரியல எனக்கு.” எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை, அடிவயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயோ, யாராவது வேற எதையாவது பேசுங்களேன், தையல் போட்ட எடம் வலிக்கி!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதலில் தம்பி, பிறகு விடுதிக்காரர், கடைசியில் அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன், தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஜவாபி கார்டை என் மகள் கண்ணால் பார்த்ததில்லை. திவேஆகரில் அந்த இரண்டு அறை இருந்த இடத்தில் மூன்று மாடி விடுதி நிற்கிறதாம், நீச்சல் குளத்தோடு. போன மாதம், புனேயில் ஔந்த் பகுதியில் இருக்கும் என் வீட்டில், விடுமுறைக்குக் கடற்கரை ரிசார்ட் தேடி நான் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். “மா, இது நைஸா இருக்கு, புக் பண்ணிடு,” என்றாள் மகள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்ட வேலை. என்ன தோன்றியதோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அந்தப் பழைய கதையைக் கொட்டிவிட்டேன். எனக்கு அப்போதே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன், அப்பாவை அப்படி அவமானப்பட வைத்தது நான்தான் என்று.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “ஏட்டி, கடக்கரையில பொறந்தவளுக்கு எந்தக் கடல்ல சூரியன் வரும்னு தெரியாதா? உங்கப்பா உங்ககிட்டக் குசுகுசுன்னு சொன்னது எனக்கும்தான் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“ஒரு மாசமா அந்த மனுசன் வாயில என் பேச்சுதான். பொன்னிக்கு இது ஆகுமா, பொன்னிக்கு அது புடிக்குமான்னு. அதுக்கு முன்னால அப்படி யாரு எனக்குன்னு தேடினாவ? சொல்லியிருந்தா அன்னைக்கே நின்னுபோயிருக்கும்.”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்பா போனதிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள், எத்தனையோ ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். “உனக்கு எங்கம்மா போகணும்?” என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.