மாளுவைக் கூப்பிட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக் கதைகளுக்குக் காது கொடுக்கிற ஆள் இல்லை. முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். பெருக்கமரத்தில் முனி இருக்கிறது என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அந்த மரத்தைத் தொட வைத்து, பார் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்புவேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் கண் விழித்தபோது குரல் இல்லை. வாயைத் திறந்தால் சைக்கிள் ரியூபில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். குரல் நரம்பு வீங்கியிருக்கிறது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர். கத்திப் பாடிப் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்குக் குரல் போனால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

எங்கள் வீடு எருக்கலம்பிட்டிக்குப் போகிற வழியில், கடலோரமாக இருக்கிறது. என் கணவர் அன்ரன் கடல் தொழிலுக்குப் போனால் வீட்டில் நானும் மகள் மெலனியும்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து வளவில் பரீதா ராத்தா, ராத்தா என்றால் அக்கா, இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வீடு கட்டிக் குடியிருக்கிறவர். வேறு வீடு கிட்ட இல்லை. ஏதும் நடந்தால் நான் கூப்பிடவும் முடியாது என்பது அன்ரனுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. ஒருநாள் அவர் ஓட்டோவில் ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினார்.

"நீதான் கத்த மாட்டாய். இதாவது குரைக்கட்டும்" என்றார்.

தெருநாய்களை எடுத்து வளர்க்கிற ஒரு காப்பகத்திலிருந்து வாங்கி வந்திருந்தார். மண்ணிறப் பெட்டை, ஒரு காது பாதியில் கிழிந்திருந்தது. அங்கே இருந்த சிங்கள டிரைவர் ஒருவர், அது மீன் வாளிக்குள் தலையை விட்டு நிற்பதைக் கண்டு, 'மாளு' என்று பெயர் வைத்திருந்தார். மாளு என்றால் அவர்கள் பாஷையில் மீன். குரைக்கட்டும் என்று கொண்டுவந்த நாய் குரைக்கவே இல்லை என்பது வேறு கதை. வந்த அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய்ப் படுத்தது, படுத்ததுதான். சோறு வைத்தால் நாங்கள் உள்ளே போகும்வரை தொடாது. விளக்குமாற்றை எடுத்தால் மூத்திரம் போய்விடும். மெலனி கிட்டப் போனால் நாக்கால் மூக்கை நக்கிக் கொட்டாவி விட்டது, அதற்கு நித்திரை வருகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

காப்பகத்து மிஸ் ஒருவர் பார்க்க வந்தார். மெலிந்த, அமைதியான மனுசி.

"அது நித்திரைக் கொட்டாவி இல்லை, பயம்" என்றார் அவர். "என்னை விடுங்கோ, எனக்குச் சண்டை வேண்டாம் எண்டு சொல்லுது. நேரே பார்க்காதேங்கோ. தலைக்கு மேலால கையைக் கொண்டுபோகாதேங்கோ. பக்கவாட்டில இருங்கோ, அதுவா வரட்டும்."

நான் என் கழுத்தைக் காட்டி, குரல் இல்லை, எப்படிப் பழக்குவது என்று கையை விரித்தேன்.

"குரல் என்னத்துக்கு? நாய் முதல்ல பார்க்கிறது எங்கட உடம்பைத்தான். கையால பழக்குங்கோ. சொல்லப்போனா உங்களுக்குத்தான் இது சுகம், மற்ற ஆக்கள் கத்திக் கத்தியே குழப்பிப்போடுவினம்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. குரல் போன பிறகு, உனக்கு இது சுகம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். அடுத்த நாளே தொடங்கினேன். தொட்டியடியில் பலகையைப் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கறி வெட்டுவேன், பக்கத்தில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்துவிடுவேன். முதலில் நான் எழுந்துபோன பிறகு வந்து எடுத்தது. பிறகு நான் இருக்கும்போதே கழுத்தை நீட்டி எடுத்தது. ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கிறேன், முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது, பார்த்தால் அதன் மூக்கு. நான் அசையவில்லை. கண்ணீர் வந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வேகமாகப் பழகியது. தொடையில் தட்டினால் வரும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் இருக்கும். கையை நிமிர்த்திக் காட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த மூன்றுதான் நான் பழக்கியது. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். அந்த நாய் என் குரலைக் கேட்டதே இல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு வந்த நாய். அதற்கு நான் என்றால் இரண்டு கைகள்தான்.

வாடைக் காற்று தொடங்கிய காலம். எங்கள் பக்கத்துக் கடல் ஆழம் இல்லாதது, வற்றினால் வெகுதூரத்துக்குச் சேறும் மணலும் தெரியும், பூநாரைகள் வந்து இறங்கும். வள்ளம் வந்துபோவதற்காகக் கரைக்குக் கிட்ட ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வற்றுகிற நேரம் அதற்குள்ளும் தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் வாடை தூக்கினால் கடல் சத்தமில்லாமல் ஏறும், முதலில் நிரம்புவது அந்த வாய்க்கால்தான், அது நிரம்பினால் அதற்கு அப்பால் நிற்கிறவர் கரைக்கு வர முடியாது.

அன்றைக்கு அன்ரன் எஞ்சின் சாமான் வாங்க மன்னாருக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன், மெலனி உள்ளே படம் கீறிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மாளு என் பக்கத்தில் படுத்திருந்தது. அது திடீரென்று எழும்பிப் படலையைப் பார்த்தது. படலை திறந்து கிடந்தது.

வீட்டுக்குள் ஓடிப் பார்த்தேன், பிள்ளை இல்லை. கரைக்கு ஓடினேன். வாய்க்காலுக்கு அப்பால், வெகுதூரத்தில், சிவப்புச் சட்டை தெரிந்தது. பூநாரைக் கூட்டத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஓர் அடி வைக்க, அவை ஓர் அடி தள்ளிப் போயின. அவளுக்கும் எனக்கும் நடுவில் வாய்க்கால் நிரம்பிக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றியும் தண்ணீர் மினுங்கத் தொடங்கியிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை, விளையாட்டுத்தானே.

கையைத் தட்டினேன். காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது, தட்டிய சத்தம் எனக்கே கேட்கவில்லை. வாயைத் திறந்து மெலனி என்று கத்தினேன், காற்று மட்டும் வந்தது. வாய்க்காலுக்குள் இறங்கினேன், இடுப்புக்கு வந்தது, அடுத்த அடியில் நெஞ்சுக்கு வந்தது, கால் சேற்றுக்குள் புதைந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் வாழ்கிறவளுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பீர்கள், எங்கள் பக்கத்துப் பெண்கள் அநேகம் பேருக்குத் தெரியாது. மாளு கரையில் நின்று என்னைப் பார்த்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்பதற்கு நான் அதற்குக் கை பழக்கவில்லை. அந்த நிமிசம் மாதாவை நினைத்தேனா, ஏதும் செபம் சொன்னேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது கேட்டது.

"மெலனி, நில். அங்கேயே நில்."

என் குரல். வகுப்பில் சண்டை பிடிக்கிற பிள்ளைகளை நிறுத்துகிற அதே குரல், கத்தாமல், ஆனால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை வரைக்கும் போகிற குரல். நம்பினால் நம்புங்கள், என் வாய் மூடியிருந்தது. கையைத் தொண்டையில் வைத்துப் பார்த்தேன், பேசினால் அங்கே ஓர் அதிர்வு இருக்குமே, அது இல்லை. மாளு முதலில் என் முகத்தைப் பார்த்தது. பிறகு கிழியாத காதை நிமிர்த்திக்கொண்டு, என்னை விட்டுவிட்டு, கடல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

சிவப்புச் சட்டை நின்றது.

"மாளு, போ. அவளைக் கூட்டிக்கொண்டு வா."

அந்த நாயின் பெயரை நான் அதுவரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. அது ஓடியது. வாய்க்காலுக்குள் குதிக்கவில்லை, கரையோரமாக மேற்கே ஓடி, அங்கே ஒரு மணல்திட்டு வாய்க்காலைக் குறுக்கே மறிக்கிறது, எனக்கே அந்த இடம் அதுவரை தெரியாது, அதில் ஏறி அப்பால் போய்விட்டது. தண்ணீரைச் சிதறிக்கொண்டு போய்ப் பிள்ளையிடம் சேர்ந்தது. மெலனி அதன் கழுத்து மயிரைப் பிடித்தாள். இருவரும் போன வழியாலேயே திரும்பி வந்தார்கள், அவசரப்படாமல், சந்தைக்குப் போய்வருகிற மாதிரி. திட்டில் அவர்கள் ஏறியபோது தண்ணீர் பிள்ளையின் முழங்காலுக்கு நின்றது. நான் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு கரையேறி ஓடினேன், விழுந்தேன், திரும்ப ஓடினேன், அவளை அள்ளிக்கொண்டபோது அவள் உடம்பு சூடாக இருந்தது. அந்தச் சூடு போதும் எனக்கு. அன்றைக்கு நடந்த வேறு எதற்கும் விளக்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த இடத்திலேயே நினைத்தேன், இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படலையடியில் பரீதா ராத்தா நின்றார். கையில் ரொட்டி மா ஒட்டியிருந்தது.

"குரல் வந்திட்டுதா புள்ள?" என்றார். "எங்கட அடுப்படி வரைக்கும் கேட்டிச்சு. அல்ஹம்துலில்லாஹ்."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் வாயைத் திறந்து காட்டினேன், காற்றுச் சத்தம் வந்தது. அவர் மெலனியை வாங்கித் தன் முந்தானையால் கால் துடைத்துவிட்டார்.

அன்றிரவு அன்ரன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன் நிண்டனீ?"

"அம்மா கூப்பிட்டவா."

"எங்க நிண்டு கூப்பிட்டவா, கரையிலயோ?"

"இல்லை, அங்கால. கொக்குகளுக்குப் பின்னால, தண்ணிக்குள்ள" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "நான் அவாட்டப் போக வெளிக்கிட்டன். என்னட்ட வராத, மாளுவோட வீட்ட போ எண்டு பேசினவா."

அன்ரன் என்னைப் பார்த்தார். அதிர்ச்சியில் குரல் வந்திருக்கும், உனக்கே தெரிந்திருக்காது, காற்று உன் குரலைத் திருப்பிப் போட்டிருக்கும் என்று பிறகு சொன்னார். இருக்கலாம். அடுத்த கிழமை கிளினிக்கில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், நரம்பு இன்னும் வேலை செய்யவே தொடங்கவில்லை, இப்போதைக்கு ஒரு சொல்கூட வராது என்றார். நடந்ததை நான் அவரிடம் எழுதிக் காட்டவில்லை. பங்குத் தந்தையிடம் அன்ரன் போய்ச் சொல்லியிருக்கிறார். "நன்றி சொல்லுங்கோ. ஆராய வேண்டாம்" என்றாராம் அவர்.

நன்றி சொல்கிறேன். மழைக்காலம் முடிய என் குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பவும் முன்பள்ளிக்குப் போகிறேன். குரல் இப்போது கொஞ்சம் கரகரப்பு, பாட்டுக்கு எட்டாது, அன்றைக்குக் கேட்ட மாதிரித் தெளிவாக இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் போதும். மெலனி நீந்தப் பழகிவிட்டாள், நானும் பழகுகிறேன், வாய்க்காலில் பரீதா ராத்தாவின் மகள் பிடித்துக்கொள்ள நான் கையைக் காலை அடிப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். மாளு இப்போது குரைக்கிறது, கழுதைகள் படலையடிக்கு வந்தால் ஊரைக் கூட்டுகிறது. வீட்டுக்குள் வாசல் கால்மிதியில்தான் படுக்கை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்காது. என் குரல் அதற்கு ஏதோ அந்நிய ஆள் குரல். கையைக் காட்டினால்தான் வரும்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் சரியாகப்படவில்லை. சில பின்னேரங்களில், நாங்கள் யாரும் கூப்பிடாமல், படுத்திருக்கிற நாய் காதை நிமிர்த்தி எழும்பும். வாலை ஆட்டிக்கொண்டு நேரே கரைக்குப் போகும். கடலைப் பார்த்தபடி ஒழுங்காக உட்காரும், பிறகு வலது முன்னங்காலைத் தூக்கி, யாரோ கையில் கொடுப்பது போல நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும். கால் கொடுக்க நான் பழக்கவில்லை. அன்ரனும் இல்லை, மெலனியும் இல்லை. காப்பகத்து மிஸ்ஸிடம் கேட்டேன், "இங்க இருக்கேக்க அதுக்கு இரு எண்டாலே தெரியாது" என்றார். பழைய வீட்டுப் பழக்கம் ஏதும் இப்போது ஞாபகம் வருகிறதாக்கும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன கிழமை முதல் இடது காலையும் மாற்றிக் கொடுக்கிறது. முதல் இரண்டு நாளும் பிழை விட்டது, இப்போதுதான் யாரோ பழக்குகிற மாதிரி.