வேனுக்குச் சன்னல் வைத்தவர்

கதவுகளையெல்லாம் சாத்திக்கொண்டு வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார் ஜம்புலிங்கம். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. கையில் ஓர் ஊதுவத்தி. புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கிறார். கால் மணி நேரம் கழித்து வேர்வை சொட்டச் சொட்ட இறங்கி, வண்டியின் உடம்பில் ஓரிடத்தில் சாக்குக்கட்டியால் கட்டம் போடுகிறார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

"சாமிக்கு வெச்ச வத்திய எல்லாம் வெள்ளக்காரன் வண்டில கொளுத்திகினு கீறாரு சார் இந்த மனுசன்" என்று அவர் மனைவி ஆதியம்மாள் என்னிடம் புகார் சொன்னார். ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற எனக்கு இந்த வழக்கைத் தீர்க்கும் தைரியம் இல்லை.

மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் ஜம்புலிங்கம்தான். "கடலு எனக்கு ஒத்துக்கல சார். காத்து ஒத்துக்கிச்சு" என்பார். தகர வேலை கற்றுக்கொண்டு, அரிக்கேன் விளக்கும் மண்ணெண்ணெய் அடுப்பும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாலைந்து வருடமாகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டையே வேனுக்குள் அடக்கிக்கொண்டு தரை வழியாகவே இங்கு வந்து சேருகிறார்கள். குளிர் தேசத்துக்காகச் செய்த வண்டிகள். நம் வெயிலில் இட்லிப் பானைதான். அவற்றில் ஓட்டை போடுவது இவர் தொழிலாகிவிட்டது. "ஹாட் கோ, கூல் கம்" என்ற நான்கு சொற்களில் ஐரோப்பா முழுவதையும் சமாளிக்கிறார்.

போன மாதம் உவே, ஹெல்கா என்ற ஜெர்மன் தம்பதி எட்டு மாதப் பெண் குழந்தையோடு வந்தார்கள். எஞ்சினுக்கு வேண்டிய ஒரு சாமான் கப்பலில் வரவேண்டும். அதுவரை நகர வழியில்லை, லாட்ஜில் தங்க வசதியுமில்லை. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்காது. ஜம்புலிங்கம் கடலைப் பார்த்த பக்கமாகப் பெரிய சன்னல் ஒன்று வெட்டிக் கொசுவலை அடித்துக் கொடுத்தார். அவர் குப்பத்தில் வீட்டுக்கு அப்படித்தான் வைப்பார்கள். அன்றைக்குக் குழந்தை தூங்கியது.

மறுநாள் நிழலுக்காக உவேயும் இன்னும் நாலு பேரும் வேனைத் தள்ளித் திருப்பிப் பூவரச மரத்தடியில் நிறுத்தினார்கள். சன்னல் இப்போது ஒரு மதிற்சுவரைப் பார்த்தது. முன்பு வந்த வண்டிகள் ஒன்றிரண்டு நாளில் கிளம்பிவிட்டதால் இந்தக் குட்டு வெளிப்படவில்லை. இரண்டு நாளில் வேர்க்குரு கொப்புளமாகி, காய்ச்சலும் வந்துவிட்டது. காற்றில்லாத இடத்தில் இனிமேல் படுக்கவைத்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வண்டியைத் திருப்பியது நீங்கள்தானே என்று அந்தத் தம்பதியிடம் ஜம்புலிங்கம் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். ஜம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா புத்தி சார் எனக்கு? வண்டிக்குச் சக்கரம் கீதேன்னு தோணல. வூட்டுக்கு வெக்கிற மாரி வெச்சிட்டேன். கொயந்த ஒடம்பு வெந்து பூட்ச்சு." அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை என்று ஆதியம்மாள் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் ஓர் எண்ணெய் டின்னை வெட்டி, பக்கவாட்டில் வாய் வைத்த குல்லாய் மாதிரி ஒன்று செய்தார். வாய்ப்பக்கத்தில் மீன்வால்போல ஒரு தகடு. கூரையில் ஓட்டை போட்டு அதன்மேல் ஓர் அச்சில் நிறுத்தினார். காற்று எங்கிருந்து அடித்தாலும் குல்லாய் திரும்பி முதுகைக் காட்டும். உள்ளிருக்கும் சூடு அதன் வாய்வழியே வெளியேறும். தரையோரமாக இரு பக்கமும் துளைகள். மழை வந்தால் சாத்திக்கொள்ள உள்பக்கம் தகர மூடிகள். "உள்ள வர்றத்துக்கு மட்டும் வயி வெச்சா போறாது சார். வெளிய போவ வயி இல்லன்னா வந்தது எங்க போவும்?"

மத்தியானம் ஹெல்கா குழந்தையை உள்ளே கிடத்தினார். நாங்கள் வெளியே நின்றோம். அரை மணியாகியும் அழுகைச் சத்தம் இல்லை. ஹெல்கா கையசைத்துக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஜம்புலிங்கம் ஏறினார். நான் எட்டிப் பார்த்தேன். குழந்தை கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. நெற்றி மயிர் மெல்ல ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜம்புலிங்கம் படுக்கையோரம் இருந்த தகர மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிஞ்சு விரல் பட்டால் கிழித்துவிடும். மடக்குவதற்கு இடுப்பில் செருகியிருந்த சுத்தியலை எடுத்து ஓங்கியவர், குழந்தையைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். இறங்கிப் பத்தடி தள்ளிப் போய், தோளில் கிடந்த துண்டைக் கிழித்து எடுத்துவந்தார். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த விளிம்பில் துணியைச் சுற்றத் தொடங்கினார்.