ஜீவராணியின் ஆறாவது பாடம்

ஜீவராணியிடம் ஐந்து பாடங்கள் இருந்தன. ஆறு வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரச்சினைக்குப் பதினேழு வயது ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சாதாரண தரப் பரீட்சையில் தமிழ், கணிதம், சமயம், வரலாறு, சித்திரம் என்று ஐந்தில் சித்தியடைந்தாள். ஆங்கிலத்துக்கு அன்றைக்கு ஆசிரியரே இல்லை. விஞ்ஞானத்துக்கு இருந்தார், ஆனால் வரமாட்டார். ஐந்து பாடத்தோடு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள், திரும்பி வந்தாள், காய்கறி லொறியில் ஓடும் சிவசாமியைக் கட்டினாள், ஐந்து வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக் காம்பராவுக்கு உதவியாளாகப் போட்டார்கள். ராகலைக்கு மேலே, தோட்டத்தின் கீழ் டிவிசனில், தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இருபத்தொரு பிள்ளைகள், பதினான்கு தொட்டில்கள்.

பொறுப்பாக இருந்த அம்மா ஓய்வுபெற்றுப் போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. அன்றிலிருந்து எல்லாம் ஜீவராணிதான். பால் கரைப்பதும் அவள், நிறை பார்ப்பதும் அவள், தடுப்பூசிக்குத் தேதி எழுதி வைப்பதும் அவள். பெயர் மட்டும் உதவியாள். ஒரு நாள் ஆபீஸ் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். காம்பராவுக்கு நிரந்தரப் பொறுப்பாளர் தேவை, ஆறு பாடங்களில் சித்தி, வயது முப்பத்தைந்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஜீவராணிக்கு முப்பத்துநாலு.

"வெளியில இருந்து யாராச்சும் வந்தா நான் என்னங்க ஐயா பண்றது?" என்று டிவிசனை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டாள்.

"பழையபடி கொழுந்துக்குப் போறதுதான். இல்லாட்டி அந்த ஒரு பாடத்த எடும்மா. வர்ற சோதனை வரைக்கும் நான் மேனேஜர் தொரைகிட்ட சொல்லி வைக்கிறேன்," என்றார் அவர். நல்ல மனுஷன். பாடத்தை மட்டும் அவரால் எடுத்துக் கொடுக்க முடியாது.

எந்தப் பாடத்தை எடுப்பது? இங்கேதான் ஜீவராணி எல்லாரையும் அசத்தினாள். ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன் என்றாள். லயத்து வரிசை வீடுகளில் இதைக் கேட்டவர்கள் சிவசாமியைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் அவள் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். ராகலையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரே வகுப்பு அதுதான். மற்றதெல்லாம் பிள்ளைகள் காம்பராவில் கிடக்கும் நேரத்தில் நடந்தது. அதோடு, கொழும்பு வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் சரியில்லை. ஏழு வருடம் தினமும் ஆங்கிலப் பேப்பரை ஜீவராணிதான் வாசித்துக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு அரசியல் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், மரண அறிவித்தல் மட்டும் போதும். அதனால் கதையில் யார் செத்தாலும், பூதவுடல் எத்தனை மணிக்கு இல்லத்திலிருந்து எடுத்துச் செல்லப்படும் என்பதைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுத ஜீவராணிக்கு வரும்.

வகுப்பு எடுத்தவள் நிரூபா மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது, நியமனம் கிடைத்து ராகலைக்கு வந்தவள். எப்போதும் இரண்டு ஸ்வெட்டர். வகுப்பில் பதினொரு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் ஜீவராணி. முதல் நாள் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், யாரோ ஒருவருடைய அம்மா முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து.

வாசிப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் விடையில் வந்தது. வாசித்து விடை எழுதக் கொடுத்த ஒரு பந்தியில் தாய் கடைக்குப் போயிருக்கிறாள், குழந்தை ஜன்னலோரம் அழுகிறது. குழந்தை ஏன் அழுதது என்று கேள்வி. பந்தியில் பொம்மை உடைந்துவிட்டது என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஜீவராணி எழுதினாள்: முதலில் துணி ஈரமா என்று பார்க்க வேண்டும், ஈரமில்லை என்றால் பசி. நிரூபா மிஸ் பூஜ்ஜியம் போட்டாள்.

"அக்கா, துணி ஈரமெண்டு எங்க கிடக்கு?"

"எங்கயும் இல்ல மிஸ். ஆனா பொம்மைக்கெல்லாம் அவ்வளவு நேரம் அழாதுங்க."

"அது எனக்குத் தெரியாது. பந்தியில இருக்கிறதை மட்டும் எழுதுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதேங்கோ."

அடுத்த வாரம் ஒரு கிழவனும் அவன் வெட்டிய மரமும். கிழவன் ஏன் வருந்தினான்? கிளையில் கூடு இருந்ததால் என்பது விடை. ஜீவராணி, அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் கிராம சேவகர் வருவார், அதனால்தான் என்று எழுதினாள். மறுபடியும் பூஜ்ஜியம். சித்தியடைய முப்பத்தைந்து புள்ளி வேண்டும். அவள் இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று அதே இடத்தில் உருண்டுகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு நிரூபா மிஸ் அவளை நிறுத்தினாள். "அக்கா, உங்கட இங்கிலீஷ் இந்தப் பிள்ளையள் எல்லாரையும்விட நல்லம். ஆனா நீங்கள் எழுதினவனோட சண்டை பிடிக்கிறியள். சண்டைக்குப் புள்ளி இல்லை."

ஜீவராணிக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

அன்று முதல் அவள் வாயை அடக்கிப் பழகினாள். சும்மா சொல்லக்கூடாது, அதை ஒரு தவமாகத்தான் செய்தாள். விடை எழுதும் முன் அது இருக்கும் வரியில் இடது கைச் சுட்டுவிரலை வைப்பாள். விரல் வைக்க வரி இல்லையென்றால் எழுதமாட்டாள். காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பழைய வினாத்தாள்களைச் செய்தாள். வீட்டில் சிவசாமி தலை வலிக்கிறது என்றால், "பந்தியில இருக்கா?" என்று கேட்டாள். இது லயம் முழுக்கப் பரவியது. கங்காணி யாரையாவது தாமதமாக வந்தாய் என்று ஏசினால், பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, "பந்தியில இருக்காடி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கங்காணிக்கு விளங்காது. விளங்காததற்கு மேலும் ஏசுவார்.

புள்ளி ஏறியது. முப்பத்துநாலு, முப்பத்தேழு, முப்பத்தாறு. ஒரு கேள்வி வழுக்கினால் கவிழ்ந்துவிடும் உயரத்தில்தான் நின்றாள்.

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை. காம்பராவை யார் பார்ப்பது? லயத்தில் அடுத்த வீட்டு மீனம்மா தானாக வந்தாள். அவளுடைய நாலு மாதப் பிள்ளையும் அந்தத் தொட்டில்களில் ஒன்றில்தான் வளர்கிறது. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் பதியமாட்டார்கள், சம்பளமும் இல்லை.

"ஒனக்கு ஒரு நாள் பேரு போயிருமேடி," என்றாள் ஜீவராணி.

"போனாப் போகுது. நீ பாஸாயிரு. வெளியாளு வந்தா என் புள்ளைக்கு எந்தப் பக்கம் படுத்தாத் தூங்கும்னு தெரியுமா?"

மண்டபத்தில் மேற்பார்வையாளர் ஜீவராணியைப் பார்த்ததும், மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என்று நினைத்து, "மிஸ், உங்கள் மண்டபம் அடுத்தது," என்றார். அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் ஒரு முறை அட்டையையும் ஒரு முறை அவளையும் பார்த்துவிட்டு, கடைசி மேசையைக் காட்டினார்.

முதல் மூன்று கேள்விகள் ஒழுங்காகப் போயின. விரலுக்கு வரி கிடைத்தது. நாலாவதாக, முன்பின் பார்த்திராத ஒரு கவிதையைக் கொடுத்து விடை கேட்டிருந்தார்கள். ரயிலில் போகும் ஒருவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறார். கொழுந்து கிள்ளும் பெண்கள் தெரிகிறார்கள். பச்சை மெத்தையில் வண்ண வண்ணப் பூக்கள் என்கிறார். கூடை கனத்தாலும் அவர்கள் முகத்தில் புன்னகை மாறவில்லை என்கிறார். ரயில் போய்விடுகிறது.

கேள்வி இதுதான்: அந்தப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி அவர்களுடைய புன்னகை என்ன சொல்கிறது? கவிதையிலிருந்து சான்று தருக. நாலு புள்ளி.

ஜீவராணி பேனாவை வைத்துவிட்டாள்.

அவள் கொழுந்து கிள்ளிய காலத்தில் ஒரு நாள் ரோட்டோர மலையில் நிரையில் நின்றபோது ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இறங்கிப் படம் எடுத்தாள், எடுத்ததைக் காட்டினாள். படத்தில் ஜீவராணி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து மழை, கூடை நனைந்து இரண்டு மடங்கு கனம். கூடைக் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும்போது கழுத்து விறைக்கும், கண் சுருங்கும், பல்லைக் கடிக்க வேண்டும். கடித்தால் உதடு இரண்டு பக்கமும் இழுபடும். மலையில் நிற்கிற எல்லாருக்கும் அந்த முகம்தான். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது என்ன முகம் என்று தெரியும். வேனில் வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

இதை எழுத அவளுக்கு ஆங்கிலம் இருந்தது. எழுதவும் தொடங்கினாள். அது புன்னகை அல்ல, கயிறு, என்று ஒரு வரி. இரண்டாவது வரியில் இடது கைச் சுட்டுவிரல் தானாகக் கவிதைக்குப் போய்த் தேடியது. மேலிருந்து கீழே வந்தது. கயிறு கவிதையில் எங்கேயும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் இருந்தது. பதினான்கு தொட்டில்களும் கண்முன் வந்தன. எழுதிய ஒன்றரை வரியை அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டினாள். கீழே எழுதினாள்: இந்தப் பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். வேலை கடினமானாலும் வாழ்க்கையில் திருப்தியாக இருக்கிறார்கள். சான்று, ஏழாவது வரி, புன்னகை மாறவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினாள். ஐந்தாவது கேள்விக்குப் போனாள்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நிரூபா மிஸ் காத்துக்கொண்டு நின்றாள். "நாலாவதுக்கு என்ன எழுதினனீங்கள்?"

"சந்தோஷமா இருக்காங்கன்னு எழுதினேன் மிஸ்."

"சான்று?"

"ஏழாவது வரி."

"அப்பாடா! முழுப் புள்ளி அக்கா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு ஜீவராணியின் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன?"

ஜீவராணி கயிற்றைப் பற்றிச் சொன்னாள். வேனைப் பற்றியும் சொன்னாள். நிரூபா மிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். உடப்புசல்லாவை பஸ் வந்து நின்று போயிற்று.

"அதை எழுதியிருக்கலாமே அக்கா," என்றாள் கடைசியில், மெதுவாக. "காரணம் காட்டி எழுதினால், வாசிக்கிறவர் நல்லவரெண்டால், அதுக்கும் புள்ளி போடுவினம்."

"கவிதையில இல்லையே மிஸ்."

நிரூபா மிஸ் ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. சிவசாமிதான் போனில் பார்த்தான். ஆங்கில இலக்கியத்துக்கு நேரே 'எஸ்' என்று ஓர் எழுத்து இருந்தது. சித்தியடைந்தவர்களுக்குக் கொடுப்பதில் ஆகக் கடைசி எழுத்து. எத்தனை புள்ளி என்று போடமாட்டார்கள். அந்த நாலு இல்லாமலே தேறியிருப்போமா என்பது இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. சிவசாமி லயத்துக்கே கேட்கும்படி கத்தினான். முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருக்கையில் தொரை கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. ஜீவராணி, பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர். அதை மூன்று தரம் வாசித்தாள். பூதவுடல் எதுவும் இல்லாத ஆங்கிலக் கடிதம்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வந்தார்கள். மீனம்மா கூடையை வாசலில் இறக்கினாள். நெற்றிக்கு மேலே கயிறு அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் கேக்கு குடுத்த, சரி. சோதனையில என்னதான் கேட்டாங்கன்னு நீ இன்னும் எனக்குச் சொல்லவே இல்லையே?"

ஜீவராணி போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நம்மளப் பத்தித்தான் கேட்டாங்க."

"நம்மளப் பத்தியா! என்னான்னு?"

"கொழுந்து கிள்ற பொம்பளைங்க சிரிக்கிறாங்களே, அதப் பத்தி."

"நீ என்னா எழுதுன?"

"சந்தோஷமா இருக்காங்கன்னு எழுதுனேன்."

மீனம்மா பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். ஜீவராணிக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் பேரை விட்டுக்கொடுத்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அதுக்கு எத்தன மார்க்கு?"

"நாலு."

"நாலுதானா?" என்றாள் மீனம்மா. "பொய்யின்னு ஆன பொறகு ஒரு பத்தாவது வாங்கியிருக்கலாம்ல?"

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மீனம்மாவும் சிரித்தாள். அது நிஜச் சிரிப்பு. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தது.

மலையிலிருந்து கங்காணி கூப்பிடும் சத்தம் கேட்டது. மீனம்மா பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசலில் குந்தி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி எழுந்தாள். பாதை திரும்பும் இடத்தில் நின்று, பிள்ளை அழுகிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை என்று ஜீவராணி கையைக் காட்டினாள். அங்கிருந்து பார்க்க, மீனம்மா சிரிப்பது மாதிரித்தான் இருந்தது.