அக்கம்மாள் வாங்கிய ஆம்பளப்பயர்

அனுமந்தன்பட்டியில் அக்கம்மாளுக்குத் தலையாட்டி என்று ஒரு பட்டப்பேர். எதைக் கேட்டாலும் ஆட்டுவாள். "ஆத்தா, மழை வருமா?" என்றால் ஆட்டுவாள். "உங்க எருமை பறந்துபோச்சாமே?" என்றாலும் ஆட்டுவாள். இருபத்தைந்து வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்து, உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் கேட்கும். மற்றபடி எதிராளியின் உதடு அசைவதுதான் தெரியும். 'கேட்கவில்லை' என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ரோஷம். அதனால்தான் அந்தத் தலையாட்டல்.

காது போனதே தவிர தொண்டை போகவில்லை. அவள் வாசலில் நின்று கோழியைக் கூப்பிட்டால், உத்தமபாளையம் கோர்ட்டில் டவாலிச் சேவகன் எழுந்து நின்று "யார் கூப்பிட்டது?" என்பான்.

தலையாட்டித் தலையாட்டியே அவள் பறிகொடுத்தது தண்ணீரை. புருஷன் செத்துப்போகும்போது விட்டுப்போனது ஒரு ஏக்கர் வயல், மடையிலிருந்து இரண்டாவது. முறைப்படி இரண்டாவது தண்ணீர் அவளுக்குத்தான். ஆனால் வருஷா வருஷம் மடைக் கூட்டத்தில்தான் முறை பேசுவார்கள். பேரைச் சொல்லி, முறையைச் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்பார்கள். மறுப்பு இல்லையென்றால் முடிந்தது. கொழுந்தன் சீனிச்சாமி, பெரியவர் கோட்டைச்சாமியின் காதில் கிசுகிசுப்பான். அவர் அக்கம்மாளைப் பார்த்து ஏதோ கேட்பார். அவள் ஆட்டுவாள். அவ்வளவுதான், இரண்டாவது முறை சீனிச்சாமிக்கு, கடைசி முறை அக்கம்மாளுக்கு. கடைசியில் வரும் தண்ணீரில் ஒரு தவளை மூக்கை நனைக்கலாம். இரண்டாவது தவளை அடுத்த வருஷம்தான் வர வேண்டும்.

தலையாட்டியதால் அவளுக்குக் கிடைத்ததும் ஒன்று உண்டு. தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், மலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையின் சாமான்களை உத்தமபாளையத்தில் ஏலம் விட்டார்கள். அக்கம்மாள் போனது ஒரு செப்பு அண்டாவுக்காக. ஏலக்காரன் எதையோ தூக்கிக் காட்டினான். இவள் வழக்கம்போல ஆட்டினாள். அண்டா யாரோ ஒரு போடிக்காரர் வண்டியில் ஏறியது. அக்கம்மாளின் கையில் இருந்தது ஒரு இரும்பு அரைவளையமும், அதன் இரண்டு முனையிலும் இரண்டு கறுப்பு மூடியும்.

"மதினி, அண்டாவுக்குப் போயி மூடிய வாங்கிட்டு வந்திருக்கீகளே!" என்று சீனிச்சாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அக்கம்மாளுக்குக் கேட்கவில்லை, ஆனால் சிரித்த பல் தெரிந்தது. மறுநாளே அதை மடியில் கட்டிக்கொண்டு தேனிக்குக் கிளம்பிவிட்டாள். பொம்பளை தனியாகப் போகக்கூடாதென்று சீனிச்சாமியும் ஒட்டிக்கொண்டான்.

தேனி பஜாரில் ஞானசிகாமணி நாடார் கடையில் டார்ச் லைட், கிராமபோன், ரேடியோ எல்லாம் உண்டு. அவர் அந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது காதுல மாட்டுறது ஆத்தா. ரேடியோ கேக்குறதுக்கு. ரெண்டாயிரம் ஓம்."

சீனிச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு. உங்க வாயால ரெண்டாயிரம் ஓமா!"

"அட, அது சாமி ஓம் இல்லப்பா. கரண்ட்டுத் தடைய அளக்குற ஓம்."

"அதையும் எண்ணிட்டாகளா?"

ஞானசிகாமணி அக்கம்மாளின் காதருகே குனிந்து முழங்கினார். "ஆத்தா! டெலிபோன் வாய் ஒண்ணு தாரேன்! ஆளு பேசுறத அது வாங்கும்! ஆனா சத்தத்தப் பெருசாக்க ஒரு ஆம்பிளிபயர் வேணும்!"

"ஆம்பளப் பயலா?" என்றாள் அக்கம்மாள். தெருவில் போன மாட்டுவண்டி நின்றது. "வேண்டவே வேண்டாம்! வீட்ல ஒண்ணு கொழுந்தன்னு இருக்கு, அதுக்கே கஞ்சி ஊத்தி மாளல!"

கடை முழுக்கச் சிரிப்பு. நாடார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பெரியது. தேக்குப் பளபளப்பு, முகத்தில் பட்டுத்துணி, உள்ளே ஆறு வால்வு, கல்யாணப் பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தது. மற்றது சின்னது. வர்ணம்கூட அடிக்காத பலகை, இரண்டு வால்வு. எலிப்பொறி என்று சொன்னால் எலிகூட நம்பிவிடும்.

"பெருசுதான் மதினி!" சீனிச்சாமி பெரியதைத் தழுவிக்கொண்டு அவள் காதுக்குள் கத்தினான். "வீட்டுக்கு லட்சணம்! ஸ்பீக்கர் குழாய மாட்டினா ஊரே பாட்டுக் கேக்கும்!"

ஊர் கேட்பதா, நான் கேட்பதா என்று அக்கம்மாள் யோசித்தாள். "மாட்டிக் காட்டுங்க அண்ணாச்சி."

அங்கேதான் ஒரு தகராறு. அவள் காதில் தொங்கிய தண்டட்டி இரண்டும் அந்த மூடியில் முட்டி மணியடித்தன. வளையம் உட்காரவில்லை. அக்கம்மாள் சட்டென்று தண்டட்டியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஐயையோ, எங்கண்ணன் போட்ட தண்டட்டி!" என்று சீனிச்சாமி அலறினான்.

"காதுக்குத்தான செலவு. காதுல இருந்தே எடுத்துக்கங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

முதலில் பெரியதை மாட்டினார். சீனிச்சாமியை டெலிபோன் வாயில் பேசச் சொன்னார். அக்கம்மாள் முகத்தைச் சுளித்தாள். வேலிக் கருவண்டு மொத்தமும் குடும்பத்தோடு தலைக்குள் குடிவந்தது போல ஒரே இரைச்சல். நடுவில் எங்கேயோ கிணற்றுக்குள் ஒரு ஆடு கத்துவது போல சீனிச்சாமி.

"ஓம்னு ஒரே இரைச்சலு அண்ணாச்சி. ரெண்டாயிரம்னு சொன்னீக, இது கோடி தாண்டும்!"

"அது குழாய்க்குன்னு பண்ணினது ஆத்தா!" நாடார் உண்மையை விழுங்கப் பார்த்து, முடியாமல் கக்கிவிட்டார். "குழாய்க்கு எட்டு ஓம் போதும்! இதுக்கு ரெண்டாயிரம்! ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கிறாது!"

பிறகு சின்னதை மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் எண்ணெய்ச் சட்டியில் வடை விழுகிற சத்தம். அக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சாரி டீக்கடையில் நிஜமாகவே வடை விழுந்துகொண்டிருந்தது. இருபது வருஷமாக ஊமையாக வெந்த வடை!

அவள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்த சீனிச்சாமி, மெல்லப் பேசினால் அவளுக்கு எப்போதும்போலக் கேட்காது என்ற தைரியத்தில், டெலிபோன் வாய்க்குப் பக்கத்திலேயே நாடாரிடம் கிசுகிசுத்தான்.

"அண்ணாச்சி, சின்னதக் குடுத்துராதீக. பெருசுன்னா வீட்டோட கெடக்கும். இத இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு மடைக் கூட்டத்துக்கு வந்துருவா இந்தச் செவிட்டு மூதேவி."

அக்கம்மாள் தலையை ஆட்டினாள். மெதுவாக, ரொம்ப மரியாதையாக.

"சின்னதையே கட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

மடைக் கூட்டத்துக்கு அவள் வந்த கோலத்தைப் பார்த்து வாய்க்காலில் நின்ற கொக்குகூட ஒற்றைக்காலை மாற்றி வைத்தது. இடுப்பில் நார்ப்பெட்டி, பெட்டிக்குள் பாட்டரியோடு ஆம்பளப்பயர், கையில் டெலிபோன் வாய், தலையில் வளையம்.

"அக்கம்மா, செக்குக்குப் போறியா? கண்ணக் கட்டாம காதக் கட்டியிருக்காக!" என்றான் ஒச்சாண்டி. கடைசி வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைக் கெடுப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு.

"நீ வா ஒச்சாண்டி, சோடி மாடு கொறையுது" என்றாள் அக்கம்மாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. 'கேக்குதுடா!' என்ற அந்த முனகலும் அவளுக்குக் கேட்டது. டெலிபோன் வாயைக் கோட்டைச்சாமி பக்கம் திருப்பிப் பிடித்தாள். இன்றைக்கும் இரண்டாவது முறை போனால், அப்புறம் காது கேட்டும் பறிகொடுத்தவள் என்று ஆகிவிடும்.

கோட்டைச்சாமி முதல் முறையைச் சொல்லி முடித்தார். சீனிச்சாமி வாயைத் துண்டால் மறைத்து அவர் பக்கம் சாய்ந்தான். "ரெண்டாவது எனக்கு. மதினிக்கு எப்பவும்போலக் கடைசின்னு சொல்லுங்க பெரியப்பா."

"சொல்லாதீக மாமா!" அக்கம்மாள் எழுந்தாள். கூட்டத்துக்கு நிழல் தந்த ஆலமரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் கம்பம் வரைக்கும் பறந்துபோயின. "என் வயலு மடையில இருந்து ரெண்டாவது. ரெண்டாவது தண்ணி எனக்கு. எனக்குச் சம்மதமில்ல. இத்தன வருசம் நான் ஆட்டுனது சம்மதமில்ல, காது கேக்காம ஆட்டுனது!"

கோட்டைச்சாமி மீசையைத் தடவினார். மறுப்பு வந்துவிட்டது. மறுப்பு வந்தால் வயலின் வரிசைதான் பேசும்.

"ஏலே சீனி, நீ என்னடா சொல்ற?" என்றார்.

சீனிச்சாமி எழுந்தான். "பெரியப்பா, ஒரு பொம்பள, அதுவும் காது..." என்று ஆரம்பித்தான்.

அக்கம்மாள் உட்கார்ந்து நிதானமாக வளையத்தைக் கழற்றினாள். அதைச் சுருட்டி நார்ப்பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் சீனிச்சாமி என்னென்ன பேசினான் என்று அவளுக்குத் தெரியாது. வாய் திறந்தது, மூடியது. கை வீசியது. துண்டு தோளிலிருந்து விழுந்தது. செத்துப்போன அண்ணனை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பான் போல, மேலே பார்த்துக் கும்பிட்டான். ஒவ்வொரு பேச்சு முடிவிலும் அவள் முகத்தைப் பார்த்து, "சம்மதந்தான மதினி?" என்று உதட்டை அசைத்தான்.

அக்கம்மாளின் கழுத்து அசையவில்லை.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. ஒச்சாண்டி தரையில் புரண்டான். கடைசியில் கோட்டைச்சாமி சீனிச்சாமியைத் தோளில் அமுக்கி உட்கார வைத்தார். அக்கம்மாளைப் பார்த்தார். அவள் நார்ப்பெட்டியைத் திறக்கிற மாதிரி இல்லை. அவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

அப்போதுதான் அக்கம்மாள் தலையை ஆட்டினாள்.