நூலகத்தின் பெயரில் ஒரு குறுந்தகவல்

தயாபரனின் இடது காதைச் செவிடாக்கியவன் நான். அடித்த கை வேறொருவனுடையது... அந்த அடியை வாங்கிக் கொடுத்தவன் நான்!

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எளிது. அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

இரண்டாயிரத்து எட்டு, போர் உச்சத்தில் இருந்த காலம். வவுனியாவில் இறுதியாண்டு. பல்கலைக்கழக வளாக நூலகத்துக்குக் கைபேசிச் செயலி ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகம் உள்ளே, எது இரவலில் என்று கையிலேயே பார்க்கலாம். தவணை தப்பினால் எடுத்தவருக்குக் குறுந்தகவல் போகும். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். ஒரேயடியாகக் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைக்க ஆசை!

தயாபரன் என் அறைத் தோழன், புலிகளின் பகுதியில் இருந்த நெடுங்கேணிக்காரன். பட்டாசு வெடித்தாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவான். அவனைச் சீண்டத்தான், சோதனைப் பதிவில் அவன் பெயரைப் போட்டு, இல்லாத புத்தகம் ஒன்றையும் போட்டேன். ‘வெடிகுண்டு செய்வது எப்படி... நாளைக்குள் திருப்பித் தரவும்... நூலகம்.’ ஆங்கிலத்தில் இரண்டு வரி. யாரோ பழையதாக விற்ற சிம் ஒன்றிலிருந்து அனுப்பினேன். அந்த ஊரில், அந்த நாளில்! எனக்கு மூளை எங்கே போயிற்று?

பஸ்ஸில் ஒன்றாகப் போகையில் அவன் அதை வாசிப்பான், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவன் பார்க்கவேயில்லை. சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் நெடுங்கேணி என்று கண்டதும் அவனது கைபேசியைப் பறித்தார்கள். வாசித்தார்கள்...

முதல் அறை இடது காதோடு விழுந்தது. துவக்குப் பிடியால் வாயில் இடித்தார்கள். பல்லொன்று தெறித்து என் செருப்பருகே விழுந்தது. நிலத்தில் கிடந்தவனின் விரல்களைச் சப்பாத்தால் மிதித்துத் திருகினார்கள்.

“சேர், நான் எடுக்கேல்லை சேர்! லைபிறறியிலை கேட்டுப் பாருங்கோ!”

ஒருவன் என் பக்கம் திரும்பினான். “இவனைத் தெரியுமா?”

“தெரியாது.”

தயாபரன் நிமிர்ந்து பார்த்தான். வாயெல்லாம் இரத்தம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனை மட்டும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட...! அறைக்கு ஓடிவந்து அந்தப் பதிவை அழித்தேன். ‘சோதனை’ என்ற குறிப்போடும் என் பெயரோடும் இருந்த பதிவு. அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி! சிம்மை உடைத்து மலசலகூடக் குழிக்குள் போட்டேன்.

அவர்கள் நூலகத்துக்கு வந்து விசாரித்தார்கள். நூலகர் உண்மையைச் சொன்னார்: அப்படியொரு புத்தகமே இல்லை, நாங்கள் யாருக்கும் குறுந்தகவல் அனுப்புவதுமில்லை. அப்படியென்றால் இது எவனோ அனுப்பிய இரகசியக் கட்டளை என்று முடிவுகட்டினார்கள். நான்கு மாதம் வைத்திருந்து அடித்துக் கேட்டார்கள், அனுப்பியவன் எவன் என்று. தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்?

தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் செயலியை ஒப்படைத்தேன். “தவணை முடிஞ்சா அறிவிக்கிற வசதி ஏன் வைக்கேல்லை?” என்று விரிவுரையாளர் கேட்டார். “யோசிக்கேல்லை சேர்” என்றேன். நல்ல புள்ளி கிடைத்தது.

சாவடியில் நான் சொன்ன பொய்யைத் தயாபரன் எப்போதோ மன்னித்துவிட்டான். “ஆரெண்டாலும் பயத்திலை அப்பிடித்தான் சொல்லுவினம், விடு மச்சான்.” அந்த ஒரு பொய்தான் அவனுக்குத் தெரியும்.

போன கிழமை அவன் வீட்டில், அவனுக்கு இடப்பக்கமாக அமர்ந்திருந்தேன். மடங்காத விரல்களால் தேநீரைப் பிடித்தபடி கேட்டான். “நீ கம்பியூட்டர்காரன். அதை அனுப்பினவன் ஆரெண்டு உன்னாலை கண்டுபிடிக்கேலாதோ?”

“பாக்கிறன் மச்சான்.”

“கேக்கேல்லை. சத்தமாச் சொல்லு.”

குனிந்து, அந்தச் செத்த காதுக்குள் உரக்கச் சொன்னேன். “பாக்கிறன்!”