குத்தகை என்று எழுதிவிட்டேன்

பக்கவாதம் வந்த என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, தஞ்சாவூரில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடிக்கு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. லிஃப்ட் கிடையாது. கீழ்வீடு தேடி அலைந்தேன். நோயாளி என்றதும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் திடீரென்று சொந்தக்காரர்கள் குடிவர இருந்தார்கள். நன்னிலத்தில் எங்களுக்குச் சொந்த வீடே இருக்கிறது. மாடியில்லாத வீடு, பின்னால் பெரிய கொல்லை. அதில் ஆறு வருடமாக ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

"நம்ம வீட்டுக்கே போயிடலாங்க" என்றாள். வாய் கோணிய பிறகு அவள் தெளிவாகச் சொன்ன முதல் பேச்சு அது.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வக்கீல் எதற்கு? தாலுகா ஆபீசில் நிலத் தகராறு மனுக்களாக எழுதித் தேய்ந்த கை இது. அந்தத் திமிரில் நானே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'மேற்படி வீட்டையும் கொல்லையையும் குத்தகைக்கு அனுபவித்துவரும் தாங்கள், குத்தகைக் காலம் முடிந்தபடியால்' என்று போனது அது. உறையை ஒட்டும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பதில், வக்கீல் நோட்டீஸாக வந்தது. பதறிப்போய் நானும் ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார், வீட்டுக்குப் போய் குத்தகைன்னு எழுதியிருக்கீங்க? கொல்லையில அவர் வாழை போட்டிருக்காரு. நான் சாகுபடி பண்ற குத்தகைதாரர், என்னைக் கிளப்ப முடியாதுங்கிறாரு. நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"வாடகைன்னு மாத்தி இன்னொண்ணு அனுப்பிடலாமா?"

"அனுப்பலாம். சொந்தக் குடியிருப்புக்கு வேணும்னு முதல்லயே போட்டு, அம்மாவோட டாக்டர் சர்ட்டிபிகேட்ட வச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்ப அந்தப் பழைய நோட்டீஸக் காட்டியே இழுப்பாங்க. எத்தன நாளாகும்னு சொல்ல முடியாது சார்."

வயலென்றாலும் வீடென்றாலும் என் பேனாவுக்குக் குத்தகைதான் வரும். என் கையே என் கண்ணைக் குத்திவிட்டது.

மறுநாளே நன்னிலம் பஸ் ஏறினேன். வாத்தியார் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். மனைவியின் நிலைமையைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். மானம், வெட்கம் எல்லாம் போய்விட்டது.

"அம்மாவுக்கு இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்றார் வாத்தியார். "நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அடுத்த மாசமே சாவியக் குடுத்திருப்பேன். நோட்டீஸப் பாத்துட்டு என் சம்சாரம் ரெண்டு நாள் சாப்பிடல. எழுத்துல வந்த உரிமைய விடாதீங்கன்னு மச்சான் கேஸ் போட வச்சுட்டாரு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல சார்."

திரும்பி வந்து மாடி ஏறினேன். அவள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"எப்பங்க போறோம்?"

எங்கள் பக்கத்தில் எந்தக் கெடுவும் அறுப்பில்தான் முடியும். வாயில் அதுதான் வந்தது. "அறுப்பு முடிஞ்சதும் காலி பண்றாங்களாம்."

"எந்த அறுப்பு? குறுவையா, சம்பாவா?"

இரண்டில் தள்ளியிருந்ததைச் சொன்னேன். "சம்பா."

அவள் அசையும் இடது கையைத் தூக்கி, விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள்.