ஜெனரிக்கா, ஜரிகையா

ஏலவார்குழலி என்று நிதானமாக ஒரு அம்மன் பெயரை வைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் எக்ஸ்பிரஸ் வேகம். குழலியும் நானும் ஏனாத்தூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறோம். மருந்து விலையும் அரசுக் கொள்கையும்தான் தன் ப்ராஜெக்ட் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் வீட்டிலேயே இருந்தது. அவள் அப்பா பஞ்சாட்சரம் சர்க்கரைக்குப் பிரபல கம்பெனி மாத்திரைதான் வாங்குவார். அதே மருந்து ஜெனரிக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடமாட்டார். தினமும் சண்டை.

"ஜனங்க ஏன் மலிவு மருந்த நம்பலன்னு புதுசா ஒரு காரணம் கொண்டா. இல்லன்னா வேற தலைப்புதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் எங்கள் பேராசிரியை ரேணுகாம்பாள்.

பட்டு நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் தெருத்தெருவாக அலைந்தோம். கேட்பது அவள், எழுதுவது நான். தறிச் சத்தத்துக்கு மேலே, "ஜெனரிக் வாங்குவீங்களா?" என்று கத்தினாள். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் பதில் சொன்னார்கள்.

"அசல்தாம்மா வாங்குவோம். மலிவுல வாங்குனா கறுத்துடும்."

நான் திருப்புட்குழி விவசாய வீட்டுப் பெண், எனக்கு உறைக்கவில்லை. நெசவாளி மகள் குழலிக்குமா உறைக்காது?

நாங்கள் எழுதிக்கொண்டுபோன பதில்களைப் பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த மாத்திரைம்மா கறுக்குது?"

குழலி தலையில் கைவைத்தாள். "ஐயோ மேடம், அவங்க காதுல ஜரிகைனு விழுந்திருக்குது! போலி ஜரிகைதான் கறுக்கும்!"

பேராசிரியை கண்ணில் நீர்வரச் சிரித்தார். எனக்கோ அழுகையே வந்தது, அவ்வளவு வெயிலில் நடந்திருக்கிறோம். குழலி மட்டும் யோசித்துக்கொண்டே நின்றாள்.

"மேடம், எங்க ஊர்ல வெல கம்மின்னாலே போலின்னுதான் தோணும். மாத்திரையையும் அப்டித்தான் பாக்குறாங்களோ?"

"நீ நெனச்சா போதாது. போய்க் கேட்டுட்டு வா. இந்தத் தடவ தமிழ்ல கேளு."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனோம். தறியிலிருந்து எழுந்த அப்பாவை டீ குடிக்கக்கூட விடவில்லை.

"அப்பா, டாக்டர் எழுதுன அதே மருந்துதான், வேற பேருல பாதி வெலைக்குத் தராங்க. ஏம்பா வேணான்ற?"

"அசலா இருந்தா எவன்மா பாதி வெலைக்குத் தருவான்? ஜரிகைல ஏமாந்தது போதாதா, ஒடம்புலயும் ஏமாறணுமா?"

குழலி துள்ளிக் குதித்து அவரைக் கட்டிக்கொண்டாள். ப்ராஜெக்ட் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமான கத்தலுக்குத் தயாராக இருந்த மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"வேணான்னு சொன்னதுக்காம்மா இது இப்டி குதிச்சிக்கினு கீது?"